டெல்ஃப்ட்3டி: பழவேற்காடு முகத்துவாரத்தில் இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்தபின்

முகத்துவாரத்தில் ஓதத் தண்ணீர் எப்படி ஏறி இறங்குகிறது என்று கணினியில் கணக்குப் போட எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டு எனக்கு மாதம் இரண்டு பேராவது எழுதுகிறார்கள். பெரும்பாலும் கடற்கரைப் பொறியியல் படிக்கிற பிள்ளைகள், சில சமயம் கடற்கரை ஊர்களில் வேலை செய்கிற நண்பர்கள். தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். நான் பயன்படுத்துவது டெல்ஃப்ட்3டி நான்காம் பதிப்பில் உள்ள ஃப்ளோ என்கிற பகுதி. ஓட்டிப் பார்த்த இடம் பழவேற்காடு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தண்ணீரைக் கணக்கிடும் வேலையை இது மிக நன்றாகச் செய்கிறது, மூலநிரலுக்குக் காசு கிடையாது, கைவரப் பொறுமையாக மூன்று மாதம் உட்கார வேண்டும். ஆனால் முகத்துவாரத்தின் ஆழத்தை ஒருவர் நேரில் போய் அளந்து தராதவரை இது வரைந்து காட்டுகிற வண்ணப் படத்தை நம்பி ஒரு கல்லைக்கூடக் கடலில் போடக் கூடாது.

இது நெதர்லாந்துக்காரர்கள் செய்தது. டெல்ஃப்ட் நகரில் இருக்கும் டெல்டாரெஸ் என்கிற நிறுவனம், அதற்கு முன் டெல்ஃப்ட் ஹைட்ராலிக்ஸ் என்ற பெயரில் இருந்தவர்கள். நாட்டின் கால்வாசி கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது, வடக்கே வாடன் கடலில் தீவுகளுக்கு நடுவே வரிசையாக முகத்துவாரங்கள், ஆகவே அவர்களுக்கு இது பொழுதுபோக்கு ஆராய்ச்சி இல்லை, வாழ்வாதாரம். 2011 ஜனவரி 1 முதல் ஃப்ளோ பகுதியின் மூலநிரலைத் திறந்துவிட்டார்கள், யாரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம். இதன் அருமை, உரிமக் கட்டணம் கட்ட வழியில்லாத ஒரு சின்னக் கல்லூரியில் படித்தவர்களுக்குத்தான் தெரியும்.

பழவேற்காட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி, பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் தமிழ்நாட்டில். வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா நீண்டு கிடக்கிறது. தெற்கே ஆரணி ஆறு வந்து விழுகிறது, பக்கிங்காம் கால்வாய் ஊடே போகிறது. ஏரி பெரிது, ஆனால் ஆழம் கிடையாது, பல இடங்களில் இடுப்பளவுதான். இவ்வளவு பெரிய ஏரி, கலங்கரை விளக்கத்துக்கு அருகே இருக்கும் ஒரு குறுகலான வாய் வழியாகத்தான் தமிழ்நாட்டுப் பக்கம் மூச்சு விடுகிறது. கோடையில் ஆற்றுத் தண்ணீர் வராதபோது அலை கொண்டுவந்து கொட்டும் மணல் அந்த வாயை அடைக்கும். அடைத்தால் படகு கடலுக்குப் போக முடியாது, இறால் குஞ்சு உள்ளே வராது, ஏரித் தண்ணீரின் உப்பு மாறிப்போகும். அந்த வாயில் எவ்வளவு தண்ணீர் போய்வருகிறது என்பது அங்கே இருக்கிற குப்பங்களுக்கு அடுப்பெரிகிற விஷயம்.

சரி, மென்பொருளுக்கு வருவோம்.

முதல் வேலை கிரிட் போடுவது. கடலையும் ஏரியையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நீர்மட்டம் என்ன, எந்தப் பக்கம் எவ்வளவு வேகம் என்று கணக்கிடுகிற முறை இது. கூடவே வருகிற ஆர்ஜிஎஃப்கிரிட் என்கிற கருவியில் வளைவுகளுக்கேற்ப கிரிட்டை வளைத்துக்கொள்ளலாம். வெளிக்கடலில் 200 மீட்டர் கட்டம் போதும், வாய்க்கு வர வர நெருக்கிக்கொண்டு வந்து அங்கே 20 மீட்டர் வைத்தேன். நான்காம் பதிப்பின் கிரிட் வரிசை தவறாத வகை, அதாவது வாயில் நெருக்கினால் அந்த நெருக்கம் ஒரு பட்டையாக ஏரியைத் தாண்டி மறுகரை வரை போகும், தேவையில்லாத இடத்திலும் கட்டங்கள் பெருகும். அது இந்த முறையின் இயல்பு. முக்கோணமும் நாற்கரமும் கலந்து போட வேண்டும் என்றால் அவர்களுடைய அடுத்த தலைமுறையான ஃப்ளெக்சிபிள் மெஷ் இருக்கிறது. ஆனால் புதிதாகக் கற்பவர்கள் பழையதிலேயே தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஒவ்வொரு கோப்பையும் நோட்பேடில் திறந்து பார்க்கலாம், எல்லை எங்கே, ஆழம் என்ன, எல்லாம் எண்களாகக் கண் முன்னே இருக்கும், பிழை எங்கே என்று விரல் வைத்துத் தேடலாம்.

நேரப்படி என்று ஒன்று உண்டு, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கணக்குப் போடுவது என்பது, அதை நிமிடத்தில் கொடுக்க வேண்டும். அலை ஒரு படியில் எத்தனை கட்டம் தாண்டுகிறது என்பதுதான் கூரான்ட் எண், அது 10-க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்று கையேடு சொல்கிறது. 5 மீட்டர் ஆழத்தில் ஓத அலை வினாடிக்குச் சுமார் 7 மீட்டர் ஓடும், 20 மீட்டர் கட்டத்தில் 10 கட்டம் தாண்ட முப்பது வினாடிக்குள்தான் ஆகும். ஆகவே நான் 0.25 நிமிடம், அதாவது 15 வினாடி வைத்துக்கொண்டேன். இரவு படுக்கும்முன் ஓடவிட்டுக் காலையில் எழுந்து பார்ப்பேன். பதினைந்து நாளுக்குக் குறைத்து ஓட்டாதீர்கள். அமாவாசை ஓதத்திலிருந்து அட்டமி ஓதம் வழியாகப் பௌர்ணமி ஓதம் வர 14.77 நாள் ஆகும், அந்தச் சுற்று முழுவதும் வந்தால்தான் எதையும் சொல்ல முடியும்.

கடல்பக்க எல்லையில் ஓதத்தைக் கொடுக்க வேண்டும். சந்திரன், சூரியன் இழுப்பைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்து எம்2, எஸ்2, கே1, ஓ1 என்று பெயர் வைத்திருப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வீச்சு (நடுமட்டத்திலிருந்து எவ்வளவு ஏறும் என்பது), ஒரு கட்டநிலை (உச்சம் எந்த நேரத்தில் வரும் என்பது). அமெரிக்காவின் ஒரேகன் மாநிலப் பல்கலைக்கழகம் செயற்கைக்கோள் அளவீடுகளை வைத்துச் செய்த டிபிஎக்ஸ்ஓ தொகுப்பிலிருந்து இவற்றை எடுத்துக்கொள்ளலாம். சென்னைக் கரையில் சந்திரனின் முக்கியக் கூறான எம்2-இன் வீச்சு ஒரு மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, அவ்வளவுதான். பௌர்ணமி அன்றுகூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் அளவுக்குத்தான் வித்தியாசம். குஜராத்தில் காம்பே வளைகுடாவில் பத்து மீட்டர் ஏறும், அங்கே கொஞ்சம் பிசகினாலும் தெரியாது. இங்கே ஒவ்வொரு பத்து சென்டிமீட்டருக்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

இதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். அந்தத் தொகுப்பின் கட்டநிலைகள் எல்லாம் கிரீன்விச் நேரத்துக்கு. நான் படகுத்துறையில் எடுத்த அளவுகள் நம் நேரத்தில். அந்த ஐந்தரை மணி நேரத்தைச் சேர்க்காமல் இரண்டையும் ஒரே படத்தில் போட்டேன். எம்2 ஒரு சுற்று வர 12.42 மணி நேரம், அதில் பாதி சுமார் ஆறேகால், ஐந்தரை என்பது கிட்டத்தட்ட அந்தப் பாதி. படத்தில் நான் அளந்த தண்ணீர் ஏறும்போது கணினியின் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தலைகீழ். கிரிட்டைக் குறை சொல்லி, ஆழத்தைக் குறை சொல்லி, அடிமட்ட உராய்வு எண்ணை மாற்றி மாற்றி இரண்டு வாரம் அலைந்தேன். கடைசியில் பார்த்தால் நேரச் சட்டகத்தில் நேர மண்டலத்துக்கு என்று ஒரு சின்னப் பெட்டி, அதில் சுழியம் இருந்தது. 5.5 என்று மாற்றியதும் இரண்டு கோடும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. இந்தியாவில் இதை ஓட்டுகிற எல்லாரும் முதலில் பார்க்க வேண்டிய பெட்டி அதுதான்.

இப்போது ஆழம். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

இலவசமாகக் கிடைக்கும் உலகளாவிய ஆழத் தொகுப்பு ஜெப்கோ. அதன் ஒரு கட்டம் 15 வில்விநாடி, நம் பக்கத்தில் ஏறக்குறைய 450 மீட்டர். முகத்துவாரத்தின் அகலமோ சில காலங்களில் அதில் பாதிகூட இருக்காது. அதாவது ஜெப்கோவில் பழவேற்காடு வாயே கிடையாது, அங்கே மணலோ தண்ணீரோ ஏதோ ஒரு சராசரி எண் இருக்கும். மாணவர்கள் நிறையப் பேர் அதை அப்படியே எடுத்து, கட்டங்களுக்கு நடுவே வழுவழுவென்று நிரப்பி, அழகான படம் வரைந்து ஆய்வேட்டில் ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் படத்தில் ஓடுவது பழவேற்காட்டுத் தண்ணீர் இல்லை.

வெளிக்கடலுக்குக் கடற்படையின் வரைபடத்திலிருந்து ஆழத்தை எடுத்துக்கொள்ளலாம், அங்கே அடிமட்டம் அவ்வளவு சீக்கிரம் மாறாது. வாய்க்கு என்று ஒரு பழைய அளவீடு எனக்கு ஓர் ஒப்பந்தக்காரரிடமிருந்து கிடைத்தது. நல்ல கருவி வைத்து எடுத்தது, எண்கள் நெருக்கமாக இருந்தன, ஆனால் எந்த மட்டத்திலிருந்து அளந்தது என்று ஒரு வரிகூட அதில் இல்லை. கடல் வரைபடங்கள் மிகத் தாழ்ந்த வற்றத்தை ஒட்டிய மட்டத்திலிருந்து ஆழத்தைச் சொல்லும், கணினி மாதிரியோ சராசரிக் கடல்மட்டத்திலிருந்து எதிர்பார்க்கும். சென்னையில் இந்த இரண்டுக்கும் இடைவெளி சுமார் 65 சென்டிமீட்டர். துறைமுகத்தில் 15 மீட்டர் ஆழத்தில் இது ஒரு பொருட்டில்லை, ஒன்றரை மீட்டர் மணல் திட்டின் மேல் இது கிட்டத்தட்டப் பாதி. கேட்டுக் கேட்டுப் பார்த்தும் பதில் வரவில்லை. அந்தக் கோப்பைத் தூக்கி வைத்துவிட்டு நேரில் போய்விடுவது என்று முடிவு செய்தேன்.

குப்பத்திலிருந்து ஓர் அண்ணன் தன் படகில் அழைத்துப் போனார். காற்று எழுவதற்குமுன் அதிகாலை, தண்ணீர் இறங்கி நிற்கிற நேரம். நான் ஜிபிஎஸ்ஸைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இருபது மீட்டருக்கும் நிறுத்தச் சொல்ல, அவர் படகு தள்ளுகிற கழியை நேராக இறக்குவார், நான் அதில் பெயின்ட்டில் போட்ட கோட்டைப் படிப்பேன். திட்டின் மேல் கழி "டொக்"கென்று நின்றது, முழங்காலுக்குக் கொஞ்சம் மேல்தான் தண்ணீர். பத்தடி தள்ளிப் போனதும் கழி போய்க்கொண்டே இருந்தது, அவர் கை தண்ணீரைத் தொட்டும் அடி கிடைக்கவில்லை. ஈயக்குண்டு கட்டிய கயிற்றை விட்டுப் பார்த்து "மூணு பாகம் இருக்கு தம்பி" என்றார். ஒரு பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த அளவு. "தண்ணி இறங்கும்போது எல்லாம் இந்த ஓடையிலதான் போவும். அந்தப் பக்கம் ஏறும்போது மட்டும்தான் வரும்" என்று திட்டின் வடக்கு விளிம்பைக் காட்டினார். அந்த ஓடை, என்னிடம் இருந்த பழைய அளவீட்டில் வேறு இடத்தில் இருந்தது.

உள்ளே படகுத்துறைத் தூணில் அளவுப்பலகை ஒன்றைக் கட்டி, நானும் நண்பர் ஒருவரும் மாறி மாறி அரை மணிக்கு ஒருமுறை படித்து எழுதினோம், 25 மணி நேரம், சந்திர நாள் ஒன்று முழுதாக வருகிற மாதிரி. பௌர்ணமிக்கு ஒன்று, அட்டமிக்கு ஒன்று. இதற்கு ஆன செலவு டீக்கும் டார்ச்சு பேட்டரிக்கும்தான்.

இந்த இரண்டையும் போட்ட பிறகுதான் டெல்ஃப்ட்3டியின் உண்மையான தரம் எனக்குத் தெரிந்தது. முன்னே ஓட்டியபோது ஏரிக்குள் ஓதம் கடலில் இருக்கிற அளவுக்குச் சற்றுக் குறைவாக ஏறி இறங்குவதாகக் காட்டியது, பலகையிலோ பாதிகூட இல்லை. கழியால் அளந்த ஆழத்தைப் போட்டதும் கோடு தானாகத் தாழ்ந்து பலகைப் புள்ளிகளின் மேல் வந்து உட்கார்ந்தது. கடலில் தண்ணீர் உச்சிக்கு வந்து இறங்கத் தொடங்கிய பிறகும் ஏரிக்குள் கொஞ்ச நேரம் ஏறிக்கொண்டே இருக்கும், அந்தத் தாமதமும் சரியாக வந்தது. உராய்வு எண்ணை நான் தொடவே இல்லை, ஷெசி 65 என்று அது தருகிற இயல்பு மதிப்பே இருந்தது. ஏரி பெரிது, வாய் சிறிது, உள்ளே நிரம்புவதற்குள் வெளியே ஓதம் திரும்பிவிடுகிறது, அதைச் சமன்பாடு தன்னால் சொல்லிவிடுகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது, வற்றி நனைகிற திடல்களை இது கையாளுகிற விதம். ஒரு கட்டத்தில் தண்ணீர் 10 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் அதைக் கணக்கிலிருந்து எடுத்துவைக்கும், ஏறினால் திரும்பச் சேர்க்கும். பழவேற்காடு மாதிரி ஆழமில்லாத ஏரிக்கு இது உயிர்நாடி. அப்புறம், வாயின் குறுக்கே ஒரு கோட்டைப் போட்டு அதன் வழியாக எத்தனை கன மீட்டர் போனது வந்தது என்று நேரடியாகக் கேட்கலாம். பழவேற்காட்டில் பாடு என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு, இறாலுக்குச் சுத்து வலை கட்டுகிற இடங்களைக் குடும்பங்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள், ஓட்டம் நன்றாக இழுக்கிற இடத்துக்கு மவுசு அதிகம். மாதிரியில் வேகம் அதிகம் வந்த பட்டைகளை அந்த அண்ணனிடம் காட்டினேன். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சரி, இதுவும் சரி, இங்க மட்டும் நீ தப்பு, அங்க போன வருசமே மண்ணு ஏறிடுச்சு" என்றார். அங்கே நாங்கள் கழி போடவில்லை, பழைய ஆழம் இருந்தது.

காற்றை விட்டுவிடாதீர்கள். ஓதத்தை மட்டும் போட்டு ஓட்டினால் வாய்க்குப் பக்கத்தில் சரியாக வரும், வடக்கே போகப் போகப் பொருந்தாது. ஒரு மீட்டர் ஆழத்தில் வினாடிக்குப் 10 மீட்டர் காற்று நாள் முழுக்க அடித்தால் 30 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு கரைக்கும் மறுகரைக்கும் 40 சென்டிமீட்டர் வரை மட்டம் சாய்ந்துவிடும், காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். ஏரியின் உட்பகுதியில் ஓதத்தைவிட இது பெரிது. ஃப்ளோவில் காற்றைச் சேர்ப்பது ஒரு கோப்பு எழுதுகிற வேலைதான்.

இதை வைத்து வாய் எப்போது அடைபடும் என்று சொல்ல முடியுமா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். ஓதத்தை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. நம் கரையில் ஓதம் சின்னது, மணலைக் கொண்டுவந்து கொட்டுவது அலை. தென்மேற்குப் பருவத்தில் மணல் வடக்கே நகரும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும், வருடக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். அதற்கு அலைப் பகுதியையும் சேர்த்து ஓட்ட வேண்டும், உள்ளே ஸ்வான் என்கிற அலை மாதிரி இருக்கிறது, அது டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. மணல் நகர்வையும் கணக்கிடும், மார்ஃபாக் என்கிற பெருக்கியைப் போட்டு ஒரு மாத ஓட்டத்தை வருடங்களாக நீட்டவும் செய்யும். ஆனால் மணல் நகர்வுச் சூத்திரங்கள் எல்லாவற்றிலும் விடை இரண்டு மடங்கு கூடவோ பாதியாகக் குறையவோ வருவது சகஜம். எந்த மென்பொருளில் போட்டாலும் இதே கதிதான். "2040இல் முகத்துவாரம் இப்படி இருக்கும்" என்று படம் போட்டுக் காட்டுகிறவர்களிடம், போன வருடத்தை அந்த மாதிரி சரியாகக் காட்டுகிறதா என்று முதலில் கேளுங்கள்.

மாதிரியைத் தொடும்முன் ஒரு காகிதக் கணக்கும் போடுங்கள். 1940இல் எஸ்காஃபியர் என்கிற பொறியாளர் சொன்னது: வாயின் குறுக்குப் பரப்பு ஓர் அளவுக்குக் கீழே சுருங்கிவிட்டால், வேகம் குறையும், மணல் படியும், இன்னும் சுருங்கும், கடைசியில் மூடிக்கொள்ளும். நிலைத்து நிற்கிற முகத்துவாரங்களில் உச்ச வேகம் வினாடிக்கு ஒரு மீட்டரை ஒட்டி இருக்கும் என்பது பல இடங்களில் பார்த்த பழைய அனுபவ விதி. மாதிரி தருகிற வேகம் இதிலிருந்து வெகுதூரம் விலகினால் எங்கோ ஆழம் தவறு என்று பொருள்.

இதெல்லாம் வீண்வேலை இல்லை என்பதற்குச் சிலிகா ஒன்று போதும். ஒடிசாவில் சிலிகாவின் பழைய வாய் தூர்ந்து, நீண்ட ஓடை வழியாகச் சுற்றிப்போய்த்தான் கடல்நீர் வர முடிந்தது, ஏரியின் உப்பு குறைந்து மீனும் குறைந்தது. புனேயில் உள்ள மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையம் கணினி மாதிரியில் ஓட்டிப் பார்த்துச் சொன்ன இடத்தில் 2000 செப்டம்பரில் புதிய வாயை வெட்டினார்கள். கடலுக்குப் போகிற வழி 18 கிலோமீட்டர் சுருங்கியது, இரண்டொரு வருடத்திலேயே மீன்பிடிப்பு பல மடங்கு ஏறியது, 2002இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் அமைப்பின் ஆபத்துப் பட்டியலிலிருந்து சிலிகாவை எடுத்துவிட்டார்கள். சரியாகச் செய்தால் இவ்வளவு நடக்கும். அதனால்தான் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடுகிற கற்சுவர்) எங்கே போடுவது, எங்கே தூர்வாருவது என்று முடிவு செய்கிற கூட்டங்களில் இப்படிப்பட்ட வண்ணப் படங்கள் வரும்போது, ஊர்க்காரர்கள் இரண்டே கேள்வி கேட்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்: வாயின் ஆழம் எந்த மாதம் அளந்தது, ஏரிக்குள் அளவுப்பலகை எங்கே வைத்தீர்கள்?

மற்றவற்றோடு ஒப்பிட்டால், டென்மார்க்கின் மைக் 21 நல்ல கருவி, உரிமம் வாங்க வேண்டும், பெரிய நிறுவனங்களுக்கு அது ஒத்துவரும். பிரான்சில் பிறந்த டெலிமேக், அமெரிக்காவின் ஸ்கிஸ்ம் இரண்டும் திறந்த மூலம், முக்கோணக் கிரிட், லினக்ஸ் பழக்கம் உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம். தனியாக உட்கார்ந்து, ஒரே ஒரு முகத்துவாரத்தை வைத்து அடிப்படையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் டெல்ஃப்ட்3டி ஃப்ளோதான் என் தேர்வு. கையேடு பெரியது, ஆனால் ஒவ்வொரு எண்ணும் ஏன் என்று சொல்லும், அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் நின்றுபோனால் பதறாமல் ட்ரை-டயாக் கோப்பின் கடைசி வரிகளைப் படியுங்கள், காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

வாயின் அகலம் மாறுவதைப் பார்க்க சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் ஐந்து நாளுக்கு ஒன்று இலவசமாகக் கிடைக்கின்றன, 10 மீட்டர் துல்லியம், மேகமில்லாத நாளில் திட்டு பளிச்சென்று தெரியும். போன மழைக்குப் பிறகு வந்த படத்தில் ஓடை மறுபடி நகர்ந்திருக்கிறது. என் ஆழக் கோப்பு பழசாகிவிட்டது. அண்ணனிடம் போனில் பேசினேன், தை பிறந்து காற்று அடங்கியதும் வா என்றிருக்கிறார், கழிக்குப் புதுசாகப் பெயின்ட் அடிக்க வேண்டும்.